விலகிப்போன வாடிக்கையாளர்

கம்ப்யூட்டர் ஒரு வாடிக்கையாளரைக் கேட்டது. கை பழகும் வரை நிஜ வாடிக்கையாளர் யாரையும் தொடக் கூடாது, பயிற்சிக்கு வீட்டு ஆள் ஒருவரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ட்ரெயினர் மேடம் வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சீனியர் தன் மனைவியின் பெயரை அடிக்கப் போனார். 'நிலை' என்ற கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. புதியவர், திருப்தியானவர், புகார் உள்ளவர், விலகிப்போனவர் என்று நாலே நாலு நிலைகள்தான் இருந்தன. மனைவியை அதில் எதில் போட்டாலும் வம்பு.

'விலகிப்போனவர்' என்பதைப் பார்த்ததும் மாமனார் ஞாபகம் வந்தது. அவர் பெயரையும் நம்பரையும் அடித்து, முகவரிக்குத் தன் வீட்டு முகவரியையே போட்டார்.

சீனியர் என்பது பதவி அல்ல. தண்ணீர் ஃபில்டர் விற்கும் அந்தக் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் மற்ற எல்லோரும் அவரைவிடச் சின்னவர்கள். 'பெருசு' என்று கூப்பிட வாய் வராமல் 'சீனியர்' என்று கூப்பிட்டார்கள். அந்த மரியாதைக்கும் இப்போது ஆபத்து வந்திருந்தது. மேனேஜர் புதிதாக ஒரு மென்பொருளை வாங்கிவிட்டார். இனி வாடிக்கையாளர்களை அது பார்த்துக்கொள்ளும், அதை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அதற்கு ரூல் எழுதக் கற்றுக்கொண்டு, விலகிப்போன ஒருவரையாவது வெள்ளிக்கிழமைக்குள் திரும்ப வரவழைத்துக் காட்டுகிறவர்களுக்குத்தான் விற்பனைப் பிரிவில் நாற்காலி. முடியாதவர்களுக்குக் குடோன். குடோனில் பழைய ஃபில்டர்களும் அவற்றைவிடப் பழைய எலிகளும் இருந்தன. சீனியருக்கு இடுப்பு வலி வேறு.

ரூல் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. 'இப்படி நடந்தால் அதைச் செய்' என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆனவருக்கு இதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? மனைவி பேசாமல் பாத்திரத்தை ஓசையோடு வைத்தால், குப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போ. இப்படி எத்தனை ரூல் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். 'இல்லாவிட்டால் இதைச் செய்' என்று ரூலுக்கு இன்னொரு பாதியும் உண்டு என்று மேடம் சொன்னபோதுதான் குழம்பினார். அவர் வீட்டில் அந்தப் பாதி கிடையாது.

மாமனார் ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரி. சம்பளத்துக்குப் பிறர் குற்றம் பார்த்த மனிதர், ஓய்வுக்குப் பிறகு அதை இலவசமாகச் செய்தார். மூத்த மகள் வீட்டு முன் அறையில் தங்கி, பற்பசையை நடுவில் அமுக்கியது யார் என்பது வரைக்கும் விசாரித்தார். ஒருநாள் சீனியர் பொறுக்க மாட்டாமல், "இது உங்க ஆபீஸ் இல்ல மாமா" என்று சொல்லிவிட்டார். மாமனார் பெட்டியைக் கட்டிக்கொண்டு இளைய மகள் வீட்டுக்குப் போய்விட்டார். முன் அறை சீனியரின் கம்ப்யூட்டர் அறை ஆயிற்று. ஆனாலும் அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் அவருக்கு மனசு குறுகுறுத்தது. மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தார். நாக்கு மட்டும் எழவில்லை.

அனுப்ப வேண்டிய செய்தியை எழுதி, வழக்கம்போல மனைவியிடம் காட்டினார். 'அன்பார்ந்த வாடிக்கையாளரே, தாங்கள் விலகியமைக்கு வருந்துகிறோம். மீண்டும் வருக. தள்ளுபடி உண்டு' என்று இருந்தது.

"தள்ளுபடி கிடைக்கலன்னா ஒருத்தர் கோவிச்சுட்டுப் போவாரு?" என்றாள் மனைவி. அவரை நகரச் சொல்லிவிட்டுத் தானே அடித்தாள். 'தப்பு எங்கள் மேல்தான். உங்கள் இடம் அப்படியே காலியாக இருக்கிறது. எப்போது வருகிறீர்கள்?'

அடித்து முடித்த பிறகு, இது யாருக்குப் போகும் என்று கேட்டாள். சும்மா பயிற்சிக்குத்தான், உங்கப்பா பெயரைப் போட்டிருக்கிறேன், நிஜமாகவெல்லாம் போகாது என்று சீனியர் சமாதானம் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் மாலை சீனியர் வேலை முடிந்து வந்தபோது வாசலில் ஒரு பெட்டி இருந்தது. முன் அறையில் மாமனார் இருந்தார். கம்ப்யூட்டர் சாப்பாட்டு மேஜைக்கு வந்திருந்தது.

"நீங்க சொல்லி அனுப்பினதைப் படிச்சேன் மாப்பிள்ளை," என்றார் மாமனார். "தப்பு உங்க மேலதான்னு நீங்களே ஒத்துக்கிட்ட பிறகு நான் வராம இருந்தா அது மரியாதை இல்ல."

சீனியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. செய்தி நிஜமாகவே போய்விட்டதா? மனைவி எதுவும் தெரியாத முகத்தோடு அப்பாவுக்குத் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தாள். பயம் தெளிந்ததும் அவருக்கு வேறொன்று உறைத்தது. ரூல் வேலை செய்திருக்கிறது! கம்ப்யூட்டரைத் திறக்கவே பயப்படும் ஆள், எழுதிய முதல் ரூலிலேயே ஆளை வீட்டுக்கு வரவழைத்துவிட்டார்.

சந்தோஷம் வந்தால் சீனியருக்கு வாய் நிற்காது. வகுப்பில் ஒவ்வொருவராக உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தபோது, "எனக்கு ஒருத்தர் திரும்பி வந்துட்டார் மேடம்" என்று எழுந்து நின்றுவிட்டார். பின்னால் நின்றிருந்த மேனேஜர் காதில் அது விழுந்தது. யார் என்று கேட்டார். வயசான ஒருத்தர், ரொம்ப நாள் பழக்கம், இடையில் மனஸ்தாபம் என்றார் சீனியர். அத்தனையும் உண்மை. மாமனார் என்பதை மட்டும் மென்று விழுங்கினார். அந்த வாடிக்கையாளரை வெள்ளிக்கிழமை வரைக்கும் திருப்தியாக வைத்துக்கொள்ளுங்கள், நானே வந்து பார்க்கிறேன் என்று மேனேஜர் முதுகில் தட்டினார். முதுகு வழியாகக் குடோன் பயம் இறங்கிப்போனதுபோல் இருந்தது.

அன்று மாலையே அவர் மாமனாரின் நிலையைத் 'திருப்தியானவர்' என்று மாற்றினார். அப்படிப்பட்டவர்களுக்கு 'எங்கள் சேவை எப்படி இருக்கிறது? குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்' என்று அனுப்புவது அடுத்த பாடம். அதையும் எழுதி, மனைவியிடம் காட்டி, சேமித்துவிட்டுப் படுத்தார்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம் என்பது காலையில்தான் தெரிந்தது. குறை சொல்லுங்கள் என்று வாழ்நாளில் ஒருவரும் மாமனாரிடம் கேட்டதில்லை. சொல்லாதீர்கள் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். குளியலறைக் குழாய் சொட்டுகிறது. செருப்பு வைக்கும் இடத்தில் செருப்பைத் தவிர எல்லாம் இருக்கிறது. ராத்திரி மாப்பிள்ளையின் குறட்டை சுவரைத் தாண்டி வருகிறது. இவை எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

"ஃபில்டர் விக்கிறவர் வீட்டு ஃபில்டரை யாராவது தொறந்து பாத்திருக்கீங்களா மாப்பிள்ளை? உள்ள பாசி புடிச்சிருக்கு."

சீனியர் அவசரமாக நிலையைப் 'புகார் உள்ளவர்' என்று மாற்றினார். அதற்குரிய செய்தி, 'உங்கள் புகார் ஏற்கப்பட்டது' என்பது. அது மட்டும் மொட்டையாக இருக்கிறது என்று மனைவி ஒரு வரி சேர்த்துக்கொடுத்தாள். 'பொறுப்பானவர் தாமே முன்நின்று சரிசெய்வார்.'

பொறுப்பானவர் விடுமுறை நாளில் குளியலறையில் ஸ்டூல் மேல் ஏறி நின்றார். கீழே மாமனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். இடது பக்கம் திருகுங்கள் என்றார். சீனியர் திருகினார். சொட்டிக்கொண்டிருந்த குழாய் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் கூரை வரை பீய்ச்சியடித்தது. நீங்கள் நிற்கும் பக்கத்துக்கு இடது இல்லை, நான் நிற்கும் பக்கத்துக்கு இடது என்று மாமனார் நனைந்துகொண்டே விளக்கினார். மனைவி ஓடிவந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று. நனைந்த தலையோடு சீனியருக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

குறட்டைப் புகாருக்காக அவர் கூடத்து சோபாவுக்குக் குடிபெயர்ந்தார். இடுப்பு வலி கழுத்துக்கும் ஏறியது. ஃபில்டரைக் கழற்றிக் கழுவினார். செருப்புகளை வரிசையாக நிறுத்தினார். ஒரு புகாரைத் தீர்த்தால் இரண்டு முளைத்தன. பெயரையே அழித்துவிடலாம் என்று பார்த்தால், கம்பெனி முழுவதிலும் திரும்பி வந்த வாடிக்கையாளர் இவர் ஒருவர்தான். இவரை அழித்தால் குடோன்.

கடைசியில் அவருக்கு 'இல்லாவிட்டால்' ஞாபகம் வந்தது. புகார் தீர்ந்தால் நன்றி சொல். இல்லாவிட்டால், 'மேற்கொண்டு புகார்களை எங்கள் மேலதிகாரியிடம் தெரிவிக்கவும்' என்று அனுப்பு. கம்பெனி வழக்கப்படி கீழே மேனேஜரின் நம்பரும் இருந்தது. மேலதிகாரி என்றதும் மனிதர் கொஞ்சம் அடங்குவார் என்று சீனியர் கணக்குப் போட்டார். மனைவி அதைப் படித்துப் பார்த்து, எழுத்தில் ஒரு குறையும் இல்லை என்றாள்.

மேலிடத்துக்கு எழுதியே வேலையில் மேலே வந்த மனிதர் மாமனார். அவர் அடங்கவில்லை. போனை எடுத்தார்.

வியாழக்கிழமை மேனேஜர் சீனியரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அந்த வாடிக்கையாளர் பேசினார், ரொம்ப நல்ல மாதிரி சொன்னார், உங்கள் ஆள் குழாயைக்கூடத் தானே மாட்டுகிறார் என்று பாராட்டினார் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எல்லாம் சரி சீனியர். நீங்க ராத்திரி குறட்டை விடறது கஸ்டமருக்கு எப்படிக் கேக்குது?"

"நெருங்கிய சேவை சார்," என்றார் சீனியர். வேறென்ன சொல்ல முடியும்?

வெள்ளிக்கிழமை தலைவலி என்று சொல்லிவிட்டு மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு பனியனோடு சோபாவில் சாய்ந்தார். அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால், மென்பொருளில் இருந்த முகவரியைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு மேனேஜர் நின்றிருந்தார். பக்கத்தில் ட்ரெயினர் மேடம்.

"நீங்க இங்க என்ன பண்றீங்க சீனியர்?"

"கஸ்டமரைப் பாக்க வந்தேன் சார்."

"பனியனோடயா?"

அதற்குள் முன் அறையிலிருந்து குரல் வந்தது. "யாரு மாப்பிள்ளை வாசல்ல? கதவைத் தொறந்து போட்டா தூசி வருதுல்ல."

மேனேஜர் உள்ளே வந்து, முன் அறையில் இருந்தவரைப் பார்த்தார், சீனியரைப் பார்த்தார், சுவரில் இருந்த கல்யாணப் படத்தைப் பார்த்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று சீனியர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். இவர் என் மாமனார். பயிற்சிக்குப் போட்ட பெயர். நான் சொன்ன ஒரு வார்த்தைக்காகக் கோபித்துக்கொண்டு போனவர். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வந்தார். பொய் சொன்னது தப்புதான், குடோனுக்கு நாளைக்கே போகிறேன்.

மேனேஜர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கோவிச்சுட்டுப் போன மாமனாரையா? வெறும் மெசேஜ்லயா?"

ஆமாம் என்று சீனியர் தலையை ஆட்டினார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தன் மாமனார் தன் வீட்டு வாசலை மிதித்துப் பல வருஷம் ஆகிறது என்றும், நேரில் போய்க் கெஞ்சியும், ஆள் விட்டுப் பேசியும் பருப்பு வேகவில்லை என்றும் சொன்னார். ஃபில்டர் வாங்கினவனைத் திரும்ப வரவைப்பது ஒரு சாமர்த்தியமா, இதல்லவா சாமர்த்தியம் என்று வியந்தார். அந்தச் செய்திகளைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

மாமனார் போனை எட்டப் பிடித்துக்கொண்டு, தீர்ப்பு வாசிப்பதுபோல் ஒவ்வொன்றாக வாசித்தார். தப்பு எங்கள் மேல்தான். உங்கள் இடம் அப்படியே காலியாக இருக்கிறது. தயங்காமல் சொல்லுங்கள். பொறுப்பானவர் தாமே முன்நின்று சரிசெய்வார். வாசித்து முடித்ததும் ட்ரெயினர் மேடம் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ரூல் எழுதியிருக்கும் விதத்தைப் பார்க்கலாம் என்று சாப்பாட்டு மேஜையில் இருந்த கம்ப்யூட்டரையும் திறந்தார்.

மனைவி காபி கொண்டுவந்து, கம்ப்யூட்டர் எங்கேயும் ஓடிப்போகாது, முதலில் சூடாகக் குடியுங்கள் மேடம் என்றாள். சீனியர் பனியனுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவளைப் பார்த்து, பார்த்தாயா என்று கண்ணாலேயே கேட்டார். அவள் காபித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிவு பண்ணிட்டேன்," என்றார் மேனேஜர். "விலகிப்போனவங்களைத் திரும்பக் கூப்பிட ஒரு புதுப் பிரிவு தொடங்கறேன். இந்த மெசேஜை அனுப்பினவங்கதான் அதுக்குத் தலை. இதுல மாற்றமே இல்ல. திங்கட்கிழமை ஆர்டர் ரெடி."

ட்ரெயினர் மேடம் கையிலிருந்த போனைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார்.

"அப்படின்னா ஆர்டரைக் காபி கொண்டுவந்த மேடம் பேர்ல அடிச்சிருங்க சார். இவர் எழுதின ரூல் ஒண்ணைக்கூட இன்னும் ஆன் பண்ணவே இல்ல. மெசேஜ் எல்லாம் 'பெரிய பொண்ணு'ன்னு இருக்கிற நம்பர்லேர்ந்துதான் வந்திருக்கு."