ஏழாம் எண் குழாயில் எறும்பு

இனி சர்க்கரை பிஸ்கட்டைத் தொடமாட்டேன் என்று டாக்டரையும் மனைவியையும் எதிரில் வைத்துக்கொண்டு சத்தியம் செய்தேன். வீட்டில்தான் தொடமாட்டேன் என்று மனசுக்குள் சேர்த்துக்கொண்டேன். காடு வேறு கணக்கு.

காட்டில் எனக்குப் பூச்சி எண்ணும் உத்தியோகம். நாற்பது மரங்களில் மூங்கில் குழாய் கட்டியிருக்கிறோம். வெயிலுக்கு ஒதுங்கும் பூச்சிகள் சொந்த வீடென்று நம்பிக் குடிவரும். வாரம் ஒருமுறை மெல்லத் திறந்து, எண்ணி, அலுங்காமல் விட்டுவிட வேண்டும். ஒரு கால் ஒடிந்தாலும் அதிகாரிக்கு மனசு ஒடிந்துவிடும்.

ஏழாம் எண் குழாய் நல்ல அகலம். பிஸ்கட் பாக்கெட்டை அதில் வைத்தேன்.

மறுவாரம் திறந்தால் எறும்பு நானூற்றுப் பன்னிரண்டு! திருட்டுத்தனமாகத் தின்பேனே தவிர, எண்ணிக்கையில் பொய் சொல்லமாட்டேன். எழுதிக் கொடுத்தேன்.

அதிகாரிக்குக் கால் தரையில் பாவவில்லை. "போன வாரம் வெறும் ஆறு! இது பெரிய விஷயம்யா. நாளைக்கு வியாழக்கிழமை, நானே வந்து பாத்துட்டுக் கட்டுரை எழுதப்போறேன்."

கட்டுரை வந்தால் ஊர் சிரிக்கும், வேலையும் போகும். எறும்பு மொய்த்ததால் பாக்கெட்டை அப்படியே குழாயில் விட்டுவந்திருந்தேன்.

என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். அதனால் கணக்கை நகலெடுப்பது மனைவிதான்.

"ஏங்க, ஏழுல மட்டும் ஏன் இவ்ளோ எறும்பு?"

"இயற்கைம்மா. நம்ம அறிவுக்கு எட்டாது."

"எந்த வாசனைக்கு வந்துச்சோ?"

"மழை வாசனைக்கு."

"மழை பேஞ்சு மாசக்கணக்காச்சே."

"அதான் தேடிக்கிட்டு வந்திருக்கு."

"அப்படியா? சரி, சாப்பிட வாங்க."

நம்பிவிட்டாள்!

வியாழன் விடிந்ததும் ஓடிப்போய்ப் பாக்கெட்டை எடுத்துவிடத் திட்டம். எழுந்தால், சீருடை கொடியில் சொட்டச் சொட்டத் தொங்குகிறது. மனைவியைக் காணோம்.

ஈரத்தோடு மாட்டிக்கொண்டு ஓடினேன். ஏழாம் மரத்தடியில் அதிகாரி. பக்கத்தில் கையில் பாக்கெட்டுடன் என் மனைவி.

"தப்பு என்னுதுதான் சார். இவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த அன்னிக்கு இதை வெச்சு மறந்துட்டேன். அந்தக் கணக்கை அடிச்சிடுங்க."

"நல்லவேளை, கட்டுரைய அனுப்பறதுக்குள்ள சொன்னீங்கம்மா!" என்று அதிகாரி கும்பிட்டார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பும் வழியெல்லாம் நன்றி சொன்னேன். "என் மானத்தையும் வேலையையும் காப்பாத்திட்டே. எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"எறும்புக்குக் கோள் சொல்லத் தெரியும்ங்க. இனிமே ஒளிஞ்சு திங்கக் காட்டுக்குப் போகாதீங்க. சமையலறை அலமாரி மேல ஒரு டப்பா வெச்சிருக்கேன், டாக்டர் ஒத்துக்கிட்ட இனிப்பில்லாத பிஸ்கட். நான் பாக்கமாட்டேன்."

இப்படி ஒருத்தி எந்த ஜென்மத்துப் புண்ணியமோ! வாரம் முழுக்க அவளை வாழ்த்திக்கொண்டே தின்றேன்.

அடுத்த வாரக் கணக்கை அதிகாரி எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படித்தார். கடைசி வரி, மனைவியின் மணியான கையெழுத்தில்:

"சமையலறை டப்பா: கணவர், ஒன்று. எண்ணியபின் சேதமின்றி விடப்பட்டது."