கட்டுரையில் வளர்ந்த செடி

வேன் கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, செடியிலிருந்து மூன்றாவது இலை உதிர்ந்தது. முதல் இரண்டையும் யார் கண்ணிலும் படாமல், செடியை மடியில் வைத்திருந்தவள் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் மடியில் போய் விழுந்து காரியத்தைக் கெடுத்தது.

"உன் குழந்தைக்கு முடி கொட்டுது," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

அவளுடைய அம்மா நர்ஸ். அதனால் வகுப்பில் அவளுக்கு டாக்டர் என்று பெயர். செடியை மடியில் வைத்திருந்தவளின் பெயர் கட்டுரை. எந்தப் போட்டி வைத்தாலும் நாலு பக்கம் எழுதிப் பரிசைத் தட்டிக்கொண்டு போய்விடுவாள். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே சும்மா இருந்துவிடுவாள்.

கோடை விடுமுறைச் சுற்றுச்சூழல் முகாமுக்கு இடம் கிடைத்ததும் அப்படித்தான். 'நான் வளர்த்த செடி' என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். அவள் அதுவரை வளர்த்தது நகம் ஒன்றுதான். ஆனாலும் அசரவில்லை. குளியலறைக்குப் பின்னால், சாக்கடை ஓரத்துச் சுவர் விரிசலில் ஏதோ ஒன்று தானாக முளைத்து நின்றது. அதை ஒரு போட்டோ எடுத்தாள். நாலு வருஷத்துக்கு முன் விரல் உயரத்தில் வாடிக் கிடந்ததைத் தான் காப்பாற்றிய கதை, தினமும் காலையில் அதோடு பேசிய கதை, தனக்குக் காய்ச்சல் வந்தபோது அதுவும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்ட கதை என்று அளந்து தள்ளினாள். எழுதி முடித்தபோது அவளுக்கே கொஞ்சம் கண் கலங்கியது.

முகாமிலிருந்து பதில் வந்தது. படத்தைப் பார்த்தோம், செடியை வேரோடு தொட்டியில் வைத்து, மேலே வலை கட்டிக் கொண்டுவரவும், வழியில் எங்கும் இறக்கி வைக்க வேண்டாம், முதல் வகுப்பே இந்தச் செடியைப் பற்றித்தான் என்று எழுதியிருந்தார்கள். கீழே அடிக்கோடு போட்டு இன்னொரு வரி: செடி இல்லாமல் வந்தால் உங்கள் இடம் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்குப் போய்விடும்.

போனால் போகட்டும் என்று விட முடியாது. வீட்டில் அக்கா நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக வீட்டில் யாரும் வாயைத் திறந்து பேசவில்லை. டிவிக்குப் போர்வை போர்த்தியாகிவிட்டது. அப்பா தும்மல் வந்தால் மாடிக்கு ஓடுகிறார். பத்து நாள் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் என்றால் முகாமை விட்டால் கட்டுரைக்கு வேறு கதி இல்லை. முந்தின நாள் சாயங்காலம் முழுக்கக் கரண்டியால் சுவரை நோண்டிச் செடியைப் பெயர்த்துத் தொட்டிக்கு மாற்றினாள். வலை கட்ட நேரமில்லை. அதற்கு முன் அவள் அதைத் தொட்டதுகூட இல்லை.

இந்த லட்சணத்தில் இப்போது இலை கொட்டினால் என்ன செய்வாள்?

டாக்டர் காம்பைப் பிடித்து நாடி பார்த்தாள். பயணக் களைப்பு, உடம்பில் நீர்ச்சத்து இல்லை என்றாள். தன் பாட்டிலைத் திறந்து பாதியைக் கவிழ்த்தாள். கட்டுரைக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது. பாட்டிலை மூடியபடி டாக்டர், "வெறும் தண்ணி இல்லடி. உப்பும் சக்கரையும் போட்டு அம்மா கலந்து குடுத்தது. இனிமே பாரு, குதிக்கும்," என்றாள்.

குதிக்கவில்லை. அரை மணி நேரத்தில் மிச்ச இலைகள் எல்லாம் பிழிந்து போட்ட துணியாகத் தொங்கின.

உப்பைக் கழுவிவிட்டால் சரியாகிவிடும் என்பது அடுத்த யோசனை. பெட்ரோல் பங்கில் வேன் நின்றது. முகாமுக்கு வந்த மற்ற ஆறு பேரும் கழிப்பறைக்கு ஓட, இவர்கள் இருவரும் தொட்டியைக் குழாயடிக்குத் தூக்கிப் போனார்கள். கட்டுரை குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். மொட்டை வெயிலில் காய்ந்த மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர் அது. ஆவி வருவதைப் பார்த்துத்தான் விரலை நீட்டினாள், சுட்டது.

"சூட்டுக் காயம்," என்று டாக்டர் உடனே கண்டுபிடித்தாள். பக்கத்துக் கடையில் குளிர்பானப் பெட்டிக்குள் கையை விட்டு இரண்டு கை ஐஸ் அள்ளி வந்து வேரைச் சுற்றி அடுக்கினாள். கடைக்காரர் எதற்கு என்று கேட்டாராம். நோயாளிக்கு என்றதும் இன்னொரு கை அள்ளிக் கொடுத்தாராம். நல்ல மனுஷர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் செடிக்கு நல்லதாக இருந்திருக்கும்.

இதற்கெல்லாம் மேல் டிரில் மாஸ்டர் தொல்லை வேறு. துணைக்கு வந்தவர் அவர்தான். மைதானத்தில் கால் முறிந்து கிடப்பவனைப் பார்த்துக்கூட "எந்திரி, நட" என்று சொல்கிற மனிதர். ஆனால் கட்டுரையின் கட்டுரையைப் படித்துவிட்டு ஆசிரியர் அறையில் விக்கி விக்கி அழுதாராம். அன்றிலிருந்து அவருக்குக் கட்டுரையைப் பார்த்தாலே குரல் குழைந்துவிடும். முன் சீட்டிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் திரும்பி, குழந்தை எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே வந்தார். நன்றாகத் தூங்குகிறது என்று அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கடைசியில் அவருக்கே பொறுக்காமல் எழுந்து வந்தார். செடியைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் வெயில் படவில்லை, அதுதான் வாடிவிட்டது என்று அவராகவே முடிவு செய்து, தொட்டியை வாங்கிப் போய் எஞ்சின் மூடியின் மேல் வைத்தார். அடியில் எஞ்சின் கொதித்தது, நடுவில் ஐஸ் உருகியது, மேலே உச்சி வெயில். கட்டுரை கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

குறுக்கே ஒரு மாடு வந்தது. டிரைவர் பிரேக் போட்டார். மேல் தட்டில் இருந்த மாஸ்டரின் விளையாட்டுப் பை, உள்ளே இருந்த இரும்புக் குண்டோடு, நேராகச் செடியின் மேல் இறங்கியது.

மாஸ்டர் மெதுவாகப் பையைத் தூக்கினார். தண்டு இரண்டாக முறிந்து கிடந்தது. பிறகு பழக்க தோஷத்தில் முதலுதவிப் பெட்டியைத் திறந்து, தண்டுக்கு இரண்டு ஐஸ்கிரீம் குச்சிகளை முட்டுக் கொடுத்து, பேண்டேஜ் துணியைச் சுற்றி, மேலே வலி போக்கும் ஸ்பிரேயை நன்றாக நாலு தடவை அடித்தார். மீதி இருந்த ஓர் இலையும் சுருண்டு விழுந்தது.

"நாலு வருஷம் நீ வளத்த புள்ளைய நான் ஒரு நிமிஷத்துல கொன்னுட்டேனேம்மா," என்றார். அப்புறம், முகாமில் தான் போய்ப் பேசுவதாகவும், தவறு முழுக்கத் தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவதாகவும், அவளைத் திருப்பி அனுப்பினால் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவதாகவும் சொன்னார்.

டாக்டர் கட்டுரையின் தொடையில் கிள்ளினாள். தப்பித்தாய், வாயை மூடிக்கொண்டிரு என்று அர்த்தம். கட்டுரையும் மூடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் மிச்ச வழி முழுக்க அந்தப் பெரிய மனிதர் தொட்டியை மடியில் வைத்து, பேண்டேஜைத் தடவியபடி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. நாலு பக்கப் புளுகுக்கு ஒருத்தர் நிஜமாகவே கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவமானமாக இருந்தது.

முகாம் வாசலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு அம்மாள் நின்றிருந்தார். தோட்டக்காரியாம். கையில் பட்டியல். பட்டியலில் கட்டுரையின் பெயரைத் தேடிப் பிடித்ததும் செடி எங்கே என்று கேட்டார். மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். அதற்குள் கட்டுரை அவர் கையிலிருந்து தொட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சார் மேல தப்பில்ல. அவர் பை விழறதுக்கு முன்னாடியே இது செத்துடுச்சு. நான்தான் உப்புத் தண்ணி ஊத்தி, வெந்நீர் ஊத்தி, ஐஸ் வச்சுக் கொன்னேன். இத நான் வளக்கவும் இல்ல. சாக்கடைப் பக்கம் தானா முளைச்சது. கட்டுரைல எழுதினது அத்தனையும் பொய். என்னைத் திருப்பி அனுப்பிடுங்க."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். மூன்று மாதமாக வீட்டில் அடக்கி வைத்திருந்த சத்தமெல்லாம் சேர்ந்து வந்தது. மாஸ்டர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். டாக்டர் வேனுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

தோட்டக்காரி தொட்டியைக் கையில் வாங்கினார். செடியைத் தொட்டியிலிருந்து உருவினார். வேரை நகத்தால் கீறிப் பார்த்தார், ஒடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். உள்ளே ஒரு பொட்டுப் பச்சைகூட இல்லை. பட்டியலை இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளே இருப்பவர்களை நோக்கி எல்லாரும் நோட்டுப் புத்தகத்தோடு ஓடி வாருங்கள் என்று கையைக் காட்டினார். பிறகு குனிந்து கட்டுரையின் தோளைத் தொட்டார்.

"அழாம வரிசையா சொல்லும்மா, ஊரையே வளைச்சுக்கிட்டிருக்கிற இந்தக் களைய நாங்க வெட்டியும் பாத்தோம், கொளுத்தியும் பாத்தோம், ஏழு வருஷமா சாக மாட்டேங்குது, நீ எப்படி ஒரே பகல்ல கொன்னே?"