திரும்பி வரும் கணவர்களுக்கான நிபந்தனைகள்

இணையத்தில் எதை விற்றாலும் சரி, விற்பவர் தன் உண்மைப் பெயர், வரிப் பதிவு எண், போய்க் கதவைத் தட்டக்கூடிய முகவரி, சரக்கு வந்து சேரும் கெடு, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கும் முறை, புகார்ப் புத்தகம் இத்தனையையும் தளத்திலேயே காட்ட வேண்டும். நியாயமான சட்டம்தான். பெரு நாட்டில் பாலாடைக்கட்டி விற்கிறவர்களும் கம்பளிக் குல்லாய் விற்கிறவர்களும் மறுபேச்சில்லாமல் காட்டினார்கள். சாலாஸ் ஊர் அபுந்தியோ ஃபரோன்யானுக்கு மட்டும் கொஞ்சம் இடைஞ்சல். அவர் விற்றது ஓடிப்போன கணவர்களை.

சாலாஸில் பாதிப் பேருக்கு மந்திரவாதம்தான் பிழைப்பு. புகையிலைச் சாறு, மந்திரக் கோல், மலை ஏரித் தண்ணீர் இவற்றை வைத்துக்கொண்டு முப்பது வருடமாகப் பிரிந்த புருஷன்மாரைச் சேர்த்துவைத்தவர் அபுந்தியோ. பக்கத்து வீட்டு மந்திரவாதிகளெல்லாம் கைப்பேசிக்குள் குடியேறிவிடவே, அவர் மனைவி நிமியாவும் 'ஏழு ஏரிகளின் நாயகர்' என்ற பெயரில் ஒரு தளம் தொடங்கினாள். கணவரின் படத்தையும் துவைக்காத சட்டை ஒன்றையும் அனுப்பினால் போதும்.

சட்டம் கேட்ட விவரம் எதுவும் இல்லாததால் பத்து வேலை நாளில் அந்தத் தளத்தை மூடப்போவதாக நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மூடினால் வீட்டில் அடுப்பு எரியாது. இருவரும் பஸ் ஏறி நகரத்துக்குப் போய் அதிகாரி ஒலாசாபல் முன்னால் நின்றார்கள். அவர் தங்கமான மனிதர். உட்காரச் சொல்லிப் படிவத்தை எடுத்தார்.

"சரக்கு எங்கேருந்து வருது?"

"பெரும்பாலும் அடுத்த தெருவுலேருந்து," என்றார் அபுந்தியோ.

"வந்து சேர எவ்வளவு நாளாகும்?"

"ஒன்பது வெள்ளிக்கிழமை."

"வேலை நாள்ல சொல்லுங்க, டொன் அபுந்தியோ." அவரே கணக்குப் போட்டு நாற்பத்தைந்து என்று எழுதினார். "ஏழு நாளுக்குள்ள பிடிக்கலைன்னா திரும்ப எடுத்துக்குவீங்களா?"

"பிடிக்காமப் போறதுக்கு ஏழு நாள் எதுக்கு சார்?" என்றாள் நிமியா. "மூணு நாளே தாராளம்."

"சட்டத்துல ஏழு."

மீதி நிபந்தனைகளைப் பதினான்கு பத்திகளாகத் தலைமை அலுவலகமே அச்சடித்து வைத்திருந்தது. கீழே கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் அபுந்தியோவின் பேனா நகரவில்லை. ஏழு ஏரிகளின் நாயகருக்கு ஒரு வரி எண்ணும் பச்சை வண்ணம் அடித்த வாசல் கதவும் இருப்பது தெரிந்தால் எவள் நம்புவாள் என்று கேட்டார். வெளிப்படைத்தன்மை வாடிக்கையாளரின் நம்பிக்கையை வளர்க்கும் எனச் சுற்றறிக்கை கூறுவதாக ஒலாசாபல் ஆறுதல் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

சுற்றறிக்கை பலித்துவிட்டது.

பியூரா நகரத்துப் பெண் ஒருத்தி காலுக்கு மேல் கால் போட்டுக் காத்திருக்கும் ரகமில்லை. நாற்பத்தைந்து வேலை நாள் பொறுக்க முடியாமல், தளத்தில் இருந்த பதினான்கு பத்திகளையும் படம் பிடித்து, ஓடிப்போன கணவனின் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டாள். பிரிவு எண்ணும் உட்பிரிவு எண்ணும் 'மேற்படி தரப்பினர்' என்ற சொல்லும் கண்ணில் பட்டதும் அவன் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். செய்தி பரவியது. அதன்பின் யாரும் சட்டை அனுப்பவில்லை. நிபந்தனைகளை மட்டும் கேட்டார்கள். அபுந்தியோவின் கோல்கள் மூலையில் சாய்ந்து கிடந்தன. அவர் வெள்ளிக்கிழமைதோறும் பதினான்கு பத்திகளின் மேல் புகையிலைச் சாற்றைத் தெளித்து அனுப்பினார். ஐந்து மாதத்தில் நாற்பத்தொரு கணவர்கள் வீடு திரும்பினார்கள். புகார்ப் புத்தகத்தில் ஒரே ஒரு பதிவு: 'வந்தவர் என் கணவர் இல்லை. ஆனாலும் பரவாயில்லை.' அதற்கும் பதினைந்து வேலை நாளுக்குள் முறைப்படி பதில் போனது.

ஒரு மத்தியானம் ஒலாசாபலே பச்சைக் கதவைத் தட்டினார். சோதனைக்கு என்று நினைத்து அபுந்தியோ புகார்ப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். வந்தவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மார்ச் மாதம் தன் மனைவி போய்விட்டதைச் சொன்னார். அவளுக்கு அனுப்ப வேண்டிய நிபந்தனைகளை மந்திரித்துத் தர வேண்டுமாம்.

"அந்தத் தாள் உங்க அலமாரி நிறைய இருக்குமே, சார்?"

"இருக்கு. அதெல்லாம் வெறும் தாள்."

வழக்கப்படி நிமியா ஒரு பிரதியை நீட்டினாள். 'படித்தேன், ஏற்கிறேன்' என்ற கட்டத்தில் அவர் உடனே குறி போட்டார்.

"படிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"மேலிடத்துலேருந்து வந்தது. அதை நான் எதுக்குப் படிக்கணும்?"

நாற்பத்தொரு பெண்களிடமும் இதே குறியை வாங்கியிருந்தும் நிமியாவும் படித்ததில்லை. இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டாம் பத்தியில் நிறுத்தினாள். உரக்கப் படித்தாள்: "அளவு பொருந்தாவிடில், அடிப்பாகம் தேயாதிருக்கும்பட்சத்தில், ஒருமுறை மட்டும் வேறு ஜோடி மாற்றித் தரப்படும்."

"இது செருப்புக் கடையோடது," என்றார் அபுந்தியோ.

ஒலாசாபல் தாளை வாங்கிப் பார்த்தார். தலைமை அலுவலகத்தில் யாரோ எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்; நாட்டில் கோழி விற்கிறவன் முதல் சவப்பெட்டி விற்கிறவன் வரை எல்லோருடைய தளத்திலும் இதுதான் தொங்குகிறது என்று மெதுவாகச் சொன்னார்.

"மேல எழுதினா திருத்திடுவாங்களா?" என்று கேட்டாள் நிமியா.

"திருத்திடுவாங்க. பழசு செல்லாதுன்னும் அறிவிச்சிடுவாங்க."

"அப்ப வந்த ஆம்பளைங்க?"

"சட்டப்படி அவங்க வரவே இல்லைன்னு ஆயிடும்."

அபுந்தியோ மனைவியைப் பார்த்தார். பிழைப்பே போய்விடும் போல இருந்தது. "கடமைன்னு ஒண்ணு இருக்கே, எழுதித்தானே ஆகணும், சார்?" என்றார் ஈனஸ்வரத்தில்.

"கண்டிப்பா எழுதணும்," என்றார் ஒலாசாபல். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். "அவ வந்து சேரட்டும். மறுநாளே எழுதிடறேன்."