அட்டெண்ட் பண்ணியாச்சு

உலகத்துக்கு ஆங்கிலம் செய்த உபகாரங்கள் பல. அவற்றுள் தலையாயது 'அட்டெண்ட்' என்ற வினைச்சொல்தான் என்பதில், குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவுக் கண்காணிப்பாளருக்கு இம்மியளவும் ஐயமில்லை. 'சரிசெய்' என்றால் கடப்பாரை வேண்டும், ஆள் வேண்டும், மழை பெய்யாமலும் இருக்க வேண்டும். 'அட்டெண்ட்' பண்ண இரண்டு கண் போதும். அவசரத்துக்கு ஒன்று இருந்தாலும் சமாளிக்கலாம்.

அவர் பொறுப்பேற்கும்வரை அங்கே புகார்களில் 'சரிசெய்யப்பட்டவை', 'நிலுவை' என்று இரண்டே இனம். முன்னதில் ஆளே கிடையாது. பின்னதில் உட்கார இடம் கிடையாது. கண்காணிப்பாளர் நடுவில் 'அட்டெண்ட் செய்யப்பட்டவை' என்று ஒன்றைப் புகுத்தினார். நிலுவை மளமளவென்று வற்றிப்போனது. அந்த வாரியத்தில் குழாய் தவிர வேறொன்று வற்றியது அதுவே முதல் தடவை.

புதிதாக வந்திருந்த தொலைபேசிப் பெண்ணுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"சார், அட்டெண்ட் பண்ணியாச்சுன்னா சரி பண்ணியாச்சுன்னு அர்த்தமா?"

"அது வேற, இது வேறம்மா. சரி பண்ணா ஒரே ஒரு வீட்டுக்காரன் சந்தோஷப்படுவான். அட்டெண்ட் பண்ணா தலைமை ஆபீஸே சந்தோஷப்படும்."

இந்த வேளையில்தான் அவர் வீட்டுக் குழாயிலேயே சாக்கடை கலந்து வர ஆரம்பித்தது.

"என்னங்க, தண்ணியில வாடை வருது. குடிக்கவே முடியல," என்றாள் மனைவி.

"முறைப்படி புகார் குடு. என் பொண்டாட்டிங்கிறதுக்காகச் சலுகை எல்லாம் கிடையாது," என்றார், நேர்மையில் நெஞ்சு நிமிர்ந்து.

கொடுத்தாள். மறுநாள் ஃபிட்டர் வந்தார். குழாயைத் திறந்தார், மோந்து பார்த்தார், "ஆமாம்மா, நாறுது" என்று உறுதிப்படுத்திவிட்டுச் சைக்கிளை மிதித்தார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் அவள் கைப்பேசியில் செய்தி விழுந்தது: 'தங்கள் புகார் அட்டெண்ட் செய்யப்பட்டது. தங்களுக்குச் சேவை செய்வதில் பெருமை கொள்கிறோம்.'

மீண்டும் புகார் கொடுத்தாள். இம்முறை வேறொருவர் வந்து படம் பிடித்துக்கொண்டார்.

"எங்க உடைஞ்சிருக்குன்னு தோண்டிப் பாக்க மாட்டீங்களா?"

"தோண்டுறது வேற டிபார்ட்மென்ட்டும்மா. நாங்க பாக்குற டிபார்ட்மென்ட்."

அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே கண்காணிப்பாளர் கேட்டார்: "ரெண்டு தடவை அட்டெண்ட் பண்ணியிருக்காங்களே, அப்புறம் என்ன குறை?"

"நாத்தம் அப்படியே இருக்கே!"

"அது குறை இல்ல. அது நாத்தம். ரெண்டையும் போட்டுக் குழப்பாத."

அவள் தண்ணீரைத் துணியில் வடிகட்டினாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். கண்காணிப்பாளருக்குத் தொந்தரவில்லை. குடிநீர் வாரிய அலுவலகத்தில் குடிப்பதற்கு கேன் தண்ணீர் வாங்கி வைத்திருந்தார்கள். அவர் வீட்டுக்கும் தினம் ஒரு பாட்டில் கொண்டு வருவார். ஒருவருக்குத் தாராளமாகப் போதும்.

மாதக் கடைசியில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம். நூற்றுக்கு நூறு புகார்கள் 'அட்டெண்ட்'! கேடயத்தை வாங்கிக்கொண்டு இருக்கைக்குத் திரும்பியபோதுதான், சத்தம் அடக்கி வைத்திருந்த கைப்பேசியில் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் அழைப்புகள் வரிசையாக நின்றதைப் பார்த்தார். திருப்பிக் கூப்பிட்டார்.

"உங்க வீட்டம்மாவுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாயிடுச்சுங்க. நிக்க முடியாம விழுந்துட்டாங்க. ஆட்டோ வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்."

அவர் கேடயத்தை நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடினார். வார்டில் மனைவி கொடியில் போட்ட துணி மாதிரி துவண்டு கிடந்தாள். மூடிய இமைகளின் ஓரம்கூட மஞ்சளாகத் தெரிந்தது. காமாலை. குடித்த தண்ணீரால்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனாராம். அவருக்கு அழுகை முட்டியது. கட்டில் அருகே கை கட்டி நின்றார். என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆகவே பார்த்தார்.

நர்ஸ் வந்தார். "இந்த பேஷண்ட்டோட அட்டெண்டர் யாரு?"

கண்காணிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "நான்தான் சிஸ்டர்."

"காய்ச்சல் எப்பலேருந்து?"

அவர் விழித்தார்.

"போன வாரத்துலேருந்து," என்றார் தையல்காரம்மா.

"கடைசியா என்ன சாப்பிட்டாங்க?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"காலையில கஞ்சி குடுத்தேன். வாந்தி எடுத்துட்டா," என்றார் தையல்காரம்மா.

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாராவது ஒருத்தர்தான் கூட இருக்கலாம். யாரு இருக்கப் போறீங்க?"

மனைவி மெல்லக் கண் திறந்தாள்.

"அக்கா இருக்கட்டும் சிஸ்டர். இவர் போகலாம். வந்து பாத்துட்டாருல்ல? இவங்க கணக்குப்படி நான் குணமாயிட்டேன்."