வாஷ்பேசின் வழக்கில் நான் போர்மேன் ஆன கதை

ஒரு மனிதரை விடுவிப்பதற்காக எழுந்து நின்று, இரண்டே வார்த்தை பேசி, அவர் வேலைக்கே உலை வைத்தவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். துபாய்ப் பக்கத்து ராஸ் அல் கைமாவில், வாஷ்பேசினும் கம்மோடும் செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர் ஹெல்பராக இருந்தேன். சிவகங்கைப் பக்கம் ஊர். தபாலில் பி.காம் பாதிவரை படித்திருந்ததால் கேம்ப்பில் எனக்கு ‘இங்கிலீஷ் தெரிந்தவன்’ என்று பெயர். (மற்றவர்களுக்குச் சுத்தமாகத் தெரியாது என்பதால், எனக்கும் தெரியாது என்பது வெளியே வரவில்லை.)

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஸ்டோரைத் திறந்தால், மூன்று அடுக்காக வைத்திருந்த பெட்டிகளில் மேலடுக்கு மட்டும் தரையில் கிடந்தது. நாற்பது வாஷ்பேசின் தூள். எதிரே ஒரு ஃபோர்க்லிஃப்ட் நின்றது. அதை ஓட்டுகிறவர் குல்சார் பாய். பெஷாவர் பக்கத்து மனிதர், ஆறடி உயரம், அதிகம் பேசமாட்டார். முந்தின நாள் சாயங்காலம் வண்டியை அங்கே நிறுத்திவிட்டுப் போனேன், வேறெதுவும் தெரியாது என்றார். யாரும் நம்பவில்லை. அவர் தன் வண்டியில் யாரையும் தொற்றிக்கொண்டு வர விட்டதில்லை. அந்தக் கோபம் எல்லோருக்கும் இருந்தது.

அஜாக்கிரதையால் சரக்கு உடைந்தால் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட். இதுதான் கம்பெனி வழக்கம். ஆனால் அந்த மாதம்தான் இங்கிலாந்திலிருந்து டங்கன் என்று ஒரு புது மேனேஜர் வந்திருந்தார். நான் ஒருவனாக ஒரு ஆளின் பிழைப்பைத் தீர்மானிக்க மாட்டேன், எங்கள் ஊரில் பன்னிரண்டு சாதாரண ஜனங்கள் உட்கார்ந்து கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள், இங்கேயும் அப்படியே செய்து பார்ப்போம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. புதன்கிழமை என்னைக் கூப்பிட்டு நீளமாகப் பேசினார். ஜூரி, வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு பேர் என்பதெல்லாம் அரைகுறையாகப் புரிந்தது. ஒரு வாக்கியம் மட்டும் மணி அடித்தமாதிரி காதில் விழுந்தது.

“யூ வில் பி தி போர்மேன்.”

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் எனக்குக் கேட்கவில்லை. எங்கள் கம்பெனியில் போர்மேன் என்றால் வெள்ளை ஹெல்மெட். இரண்டே பேர் தங்குகிற ஏசி ரூம். நானோ எட்டுப் பேர் ரூமில் மேல்கட்டிலில் படுத்து விட்டத்தில் தலையை இடித்துக்கொள்கிறவன். நாலு தடவை தேங்க்யூ சொன்னேன். நியாயத்தின் மேல் இந்தப் பையனுக்கு இவ்வளவு ஆசையா என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

நேரே போன் பூத்துக்கு ஓடினேன்.

“அப்பா, என்னையப் போர்மேனாப் போட்டுட்டாங்க.”

அப்பா வீட்டிலிருந்தவர்களிடம் கத்திச் சொன்னார். பிறகு, “ஒனக்குக் கீழ எத்தன பேருடா?” என்றார்.

“பதினோரு பேருப்பா.”

(பொய் இல்லை. கவனியுங்கள்.)

அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காளையார்கோவில் பக்கம் ஓர் இடம். பெண் பெயர் வசந்தி. ஹெல்பர் வேலைக்கெல்லாம் யோசிக்கணும் என்று பெண்ணின் அப்பா இழுத்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே எங்கள் அப்பா இரண்டு கிலோ லட்டோடு அங்கே போய் இறங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து பன்னிரண்டு பேரும் மெஸ்ஸில் கூடினோம். டங்கன் குல்சார் பாயை விசாரித்தார்; அவர் முதலில் சொன்னதையே சொன்னார். பிறகு எங்களை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்தார். டவுனுக்குப் போகிற பஸ் நாலு மணிக்கு. அப்போது மூன்றே கால். நான் போர்மேன் தோரணையில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, யார் யார் குல்சார் பாய் செய்தார் என்கிறீர்கள், கையைத் தூக்குங்கள் என்று ஹிந்தியில் கேட்டேன். ஒன்பது கை. என் ரூம்காரர் ராமலிங்கண்ணன் நான் கேட்டு முடிப்பதற்கு முன்பே தூக்கிவிட்டார்.

“அண்ணே, யோசிச்சுத் தூக்குங்க.”

“யோசிச்சா பஸ்ஸு போயிரும்டா.”

ஒரு மனிதரின் பிழைப்பு இப்படித்தான் தீர்மானமாகிக்கொண்டிருந்தது. அந்த ஒன்பதில் என் கையும் உண்டு. போர்மேன் பெரும்பான்மையோடு இருப்பதுதான் கௌரவம் என்று நினைத்தேன்.

கை தூக்காத மூன்று பேரில் ஒருவர் நசீர் பாய். பேக்கிங்கில் இருந்த பங்களாதேஷ்காரர். அவர் குரலை உயர்த்தாமல், ஃபோர்க்லிஃப்ட்டுக்குச் செயின் வந்ததா என்று என்னிடம் கேட்டார்.

“பாய், ஃபோர்க்லிஃப்ட் கா செயின் ஆயா க்யா?”

அந்த ஃபோர்க்லிஃப்ட்டில் சரக்கைத் தூக்குகிற செயின் அறுந்து பத்து நாளாகியிருந்தது. புதுச் செயினுக்கு ஸ்டோரில் எழுதிப் போட்டவன் நான். தினமும் அதைக் கேட்டு என் உயிரை எடுத்தார்கள். பழக்கதோஷத்தில் “மாஃபி, அடுத்த வாரம்” என்று விறைப்பாகச் சொன்னேன். (மாஃபி என்றால் அரபியில் இல்லை.)

சொன்ன பிறகுதான் எல்லோரும் என்னையே பார்ப்பது எனக்கு உறைத்தது. செயின் இல்லாமல் அந்த வண்டியின் ஃபோர்க் முழங்காலுக்கு மேலே ஏறாது. உடைந்ததோ தலைக்கு மேலே இருந்த மூன்றாவது அடுக்கு. கீழே இரண்டடுக்கில் ஒரு கீறல்கூட இல்லை. மறுபடி கை தூக்கச் சொன்னேன். அவர் செய்தார் என்று ஒரு கைகூட எழவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரிலேயே இந்த விஷயம் முதலில் தெரிந்திருக்க வேண்டியவன் நான்தான். போர்மேன் வேலையில் மும்முரமாக இருந்ததால் விட்டுப்போய்விட்டது.

கதவைத் திறந்தோம். டங்கன் எழுந்து நின்று கில்ட்டியா, நாட் கில்ட்டியா என்று கேட்டார். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. ‘குற்றவாளி இல்லை’ என்பதை மனதுக்குள் ஒருமுறை சொல்லி, வார்த்தைக்கு வார்த்தை அப்படியே இங்கிலீஷில் போட்டேன்.

“கில்ட்டி… நாட், சார்.”

முதல் வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் எச்சில் விழுங்கினேன். அந்த இடைவெளியில் ராமலிங்கண்ணன் முடிந்துவிட்டது என்று கை தட்டிவிட்டார். எல்லோரும் தட்டினார்கள். என் ‘நாட்’ அதில் மூழ்கிப்போனது. குல்சார் பாயும் தட்டினார். எனக்குக் கைகொடுத்துக் கட்டிப்பிடித்து ஒரு பெப்சி வாங்கிக் கொடுத்தார். டங்கன் மட்டும் எங்களை விசித்திரமாகப் பார்த்தார். தண்டனை வாங்கிய மனிதரும் தீர்ப்புச் சொன்னவனும் கட்டிக்கொள்வதை அவர் ஊரில் பார்த்திருக்க மாட்டார்.

சனிக்கிழமை காலை குல்சார் பாய் ஒரு காகிதத்தோடு ஸ்டோருக்கு வந்தார். இது என்ன, படித்துச் சொல் என்றார். விசா கேன்சல் நோட்டீஸ். படித்துவிட்டு மறுபடி படித்தேன். எனக்குப் புரிந்தது, ஆனால் ஏன் என்று புரியவில்லை. அவருக்கு மூன்று பெண் குழந்தைகள். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாங்கிக் கொடுத்த பெப்சி ஞாபகம் வந்தது.

டங்கன் ரூமுக்கு ஓடினேன். தீர்ப்பு மாறிவிட்டது என்றேன். நீ சொன்னதைத்தானே எழுதினேன் என்றார். அப்படியானால் நேற்று சொன்னதை மறுபடி சொல் என்றார். சொன்னேன். அதே வரிசையில், அதே எச்சில் விழுங்கலோடு. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்; என் ‘நாட்’ அப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

பன்னிரண்டு பேரையும் மெஸ்ஸுக்கு வரவழைத்தார். இந்த முறை யாரும் பேசக்கூடாது. குல்சார் செய்தார் என்பவர்கள் வலதுபக்கம், செய்யவில்லை என்பவர்கள் இடதுபக்கம். பதினோரு பேர் இடதுபக்கம் போனோம். ராமலிங்கண்ணன் வலதுபக்கம் நின்றார். நசீர் பாய் போய்க் கேட்டார். இந்தப் பக்கம்தான் ஃபேன் இருக்கிறது என்றார் அண்ணன். அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தோம். டங்கன் நோட்டீஸை வாங்கி நாலாகக் கிழித்தார். (பெட்டிகள் தாமாகச் சரிந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அடுக்கியது நான் இல்லை. அடுக்கும்போது பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தது யார் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.)

எல்லாம் நல்லபடியாக முடிந்த தைரியத்தில், சார், என் வெள்ளை ஹெல்மெட் எப்போது வரும் என்று கேட்டேன். ஜூரிக்காகப் பேசுகிறவனுக்குப் பெயர்தான் போர்மேன், அந்தப் பதவி வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது என்று அவர் பொறுமையாக விளக்கினார். மூன்று முறை விளக்கினார்.

அப்பாவிடம் சொன்னேன். “லட்டு குடுத்தாச்சு. பேசாம இரு,” என்று வைத்துவிட்டார். மனசு கேட்கவில்லை. அடுத்த வாரம் பெண் வீட்டுக்கே போன் போட்டேன். எடுத்தது வசந்தி. வீட்டில் வேறு யாரும் இல்லை. ஹெல்மெட்டிலிருந்து ஃபேன்வரை ஒன்று விடாமல் உளறிக் கொட்டினேன். போன் கார்டு தீர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அந்த டிரைவரு இருக்காரா, ஊருக்குப் போயிட்டாரா?”

“இருக்காரு.”

“அப்பச் சரி,” என்றாள். லைன் அறுந்துவிட்டது.

எதற்குச் சரி என்று தெரியாமல் ஒரு வாரம் தவித்தேன். கல்யாணத்துக்குச் சரி என்று அப்பா சொல்லித்தான் தெரிந்தது.

இன்றைக்கு எங்கள் வீட்டில், காபி வேண்டுமா என்று கேட்டு நான் “வேணும்” என்றாலும் யாரும் உடனே எழுந்திருப்பதில்லை. பையனும் பெண்ணும் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அடுப்படியிலிருந்து வசந்தியின் குரல் வரும்.

“இருங்கடா, இன்னும் ஒரு வார்த்த பாக்கி இருந்தாலும் இருக்கும்.”