மெனுவில் களையெடுத்தவர்

சனிக்கிழமை மதியம், சாப்பிட்ட கை காய்வதற்குள் பேருந்துப் பணிமனை எழுத்தர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மனைவியின் சீட்டாட்டத்துக்கு இன்றோடு முற்றுப்புள்ளி!

பத்து நாளாக அவர் என்ன பேசினாலும் கம்ப்யூட்டர் பக்கமிருந்து "ம்" மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. நேற்று, "நெஞ்சு வலிக்குது" என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். "அப்பாடா, ராணி வந்துட்டா!" என்று பதில் வந்தது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸைப் போட்டவரே அவர்தான். "வைரஸே அண்டாது" என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தவர். மனைவி மாடிக்குத் துணி காயப்போடப் போனதும் நிர்வாகி பாஸ்வேர்டைத் தட்டி உள்ளே புகுந்தார். மெனுவில் தெரிகிற ப்ரோக்ராம் பெயர்களெல்லாம் ஒரே ஃபோல்டரில் வரிசையாக நின்றன. சீட்டாட்டத்தை அழித்தார். கை சும்மா இருக்கவில்லை. தெரியாத பெயர், புரியாத பெயர், வாயில் நுழையாத பெயர் என்று எல்லாவற்றையும் வாரினார். குப்பைத்தொட்டியில்கூட மிச்சம் வைக்கவில்லை.

பிறகு மெனுவைத் திறந்தார். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது! ஃபைலைத் திறக்க வழியில்லை. எழுத வழியில்லை. நாலு மணிக்குள் மேலாளருக்குப் போக வேண்டிய ஓட்டுநர் பட்டியல் உள்ளே மாட்டிக்கொண்டது. மணி மூன்றரை. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார். அப்படியேதான் இருந்தது. பட்டியல் போகாவிட்டால் திங்கட்கிழமை எந்த பஸ்ஸுக்கு யார் என்று ஓட்டுநர்கள் அவர் மேஜையைத்தான் சூழ்வார்கள்.

மனைவி காலி வாளியோடு வந்தாள்.

"என்னங்க, இப்படி வேர்த்து ஊத்துது?"

"மெனுவைக் காணோம். தானாப் போயிடுச்சு."

"கால் முளைச்சா?"

"வைரஸா இருக்கும்."

"அதான் அண்டவே அண்டாதே!"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆல்ட்டையும் எஃப் டூவையும் சேர்த்து அமுக்கினாள். குட்டிப் பெட்டி ஒன்று எட்டிப் பார்த்தது. அதில் ஏதோ ஒரு பெயரைத் தட்டினாள். ஓட்டுநர் பட்டியல் திறந்துகொண்டது!

"எப்படிம்மா?"

"கழட்டினது வாசல்ல இருந்த பேர் போர்டை மட்டும்தான். கடை உள்ளே பத்திரமா இருக்கு."

"நான் ஒண்ணும் கழட்டலையே!"

"நான் உங்களை ஒண்ணும் கேக்கலையே!"

மூன்று ஐம்பத்தைந்துக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அவள் கறுப்புத் திரையில் நாலு வரி தட்ட, தொலைந்த பெயர்கள் ஒவ்வொன்றாக மெனுவுக்குத் திரும்பின. சீட்டாட்டம் மட்டும் வரவில்லை.

"அதையும் வரவழைக்கணுமா?" என்று பூனை போலக் கேட்டார்.

"எதுக்குங்க? வேண்டாம்."

திருந்திவிட்டாள்! அவர் குஷியாக இரண்டு தம்ளர் தேநீர் போட்டு எடுத்துவந்தார். திரை முழுக்கச் சீட்டு விரிந்து கிடந்தது.

"இ... இது எப்படி வந்துச்சு?"

"எப்பவும் போல, அந்தக் குட்டிப் பெட்டியில பேரைத் தட்டினேன். மெனுவுலயும் இருந்துச்சாங்க? எனக்குத் தெரியவே தெரியாது." தம்ளரை வாங்கிக்கொண்டாள். "ஆங், நிர்வாகி பாஸ்வேர்டை மாத்திட்டேன். இனிமே மெனுவுல கை வைக்கணும்னா எங்கிட்ட ஒரு மனு கொடுத்துடுங்க."