பட்டாபிராமன் மாண்டிசோரியில் சேர்ந்த கதை

தன் மகள் ஆண்டாள் இனி இங்கிலீஷில்தான் இருமுவாள், இங்கிலீஷில்தான் தும்முவாள் என்று பட்டாபிராமன் தீர்மானித்தபோது அவளுக்கு மூன்றரை வயது.

காரணம் இருந்தது. ஆபீஸ் விருந்தில் பெரிய துரையின் பேத்தி அவரிடம், "குட் ஈவ்னிங், அங்கிள்" என்று கை நீட்டியிருக்கிறது. ஆண்டாளோ அதே துரையின் மடியில் ஏறி உட்கார்ந்து, "சொந்தேஷ் தாவ்" என்று வங்காளியில் இனிப்பு கேட்டுவிட்டாள். சணல் கம்பெனி ஆபீசரின் பெண் செய்கிற காரியமா இது?

லேக் மார்க்கெட்டில் பல வருஷம் குடியிருந்தும் பட்டாபிராமனுக்கு வங்காளி ஒட்டவில்லை. 'கொத்தோ' என்று விலை கேட்பார். 'பாலோ' என்று பாராட்டுவார். 'போஷுன்' என்று உட்காரச் சொல்வார். கல்கத்தாவில் கௌரவமாக வாழ இதற்கு மேல் பேச்சு வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. மனைவி சுந்தரவல்லி நேர் எதிர். 'மாஷிமா' என்று அழைக்கும் பக்கத்து வீட்டு மாமியோடு வங்காளியில் சண்டை போட்டு, காபி ஆறுவதற்குள் வங்காளியிலேயே சமாதானமும் ஆகிவிடுவாள்.

"சதர்ன் அவென்யூ பக்கம் ஒரு மாண்டிசோரி ஸ்கூல் இருக்கு. ஆண்டாளை அங்கே சேர்க்கப் போறேன்" என்று அறிவித்தார் பட்டாபிராமன்.

"மாண்டிசோரியா? பேர்லயே சோறு இருக்கே. மத்தியானம் சாப்பாடு போடுவாளா?"

"அசடு! அது இத்தாலிக்காரா கண்டுபிடிச்ச முறை. குழந்தை எல்லாத்தையும் தானாவே கத்துக்கும்."

"தானாவே கத்துக்கும்னா ஸ்கூல் எதுக்கு?"

இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை என்பது பட்டாபிராமனின் வழக்கம்.

"இங்கிலீஷ், வங்காளி ரெண்டும் சொல்லித் தராளாம். வங்காளி வேண்டாம், இங்கிலீஷ் மட்டும் போறும்னேன். தனியாத் தர மாட்டேன்னுட்டா அந்த ஹெட்மிஸ்ட்ரஸ்."

"ரேஷன் கடைல கோதுமை வாங்கினாத்தான் சர்க்கரைங்கற மாதிரி" என்றாள் சுந்தரவல்லி.

ஆண்டாள் சேர்ந்தாள். பெற்றோர் கூட்டம் வந்தது. அன்று பார்த்துக் கொட்டு கொட்டென்று மழை. தலைமை ஆசிரியை பாருல் தத்தா முதலில் இங்கிலீஷில் பேசினார். குழந்தையை மதிக்க வேண்டும், கை கற்றால்தான் மூளை கற்கும் என்றார். அது தாமே எழுதிக் கொடுத்த பேச்சு என்பதுபோலப் பட்டாபிராமன் தலையாட்டினார்.

பிறகு அந்த அம்மாள் வங்காளிக்குத் தாவினார். விரலை ஆட்டினார். கதவைக் காட்டினார். மூலையைக் காட்டினார். கூட்டம் சிரித்தது. பட்டாபிராமனும் சிரித்தார், எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு.

"என்ன சொல்றா?" என்று மனைவியின் காதைக் கடித்தார்.

"உங்களுக்குப் புரியலையா?"

"எனக்குப் புரியாமே என்ன? உனக்கு எப்படிப் புரிஞ்சுதுன்னு பாக்கறேன்."

சுந்தரவல்லி அவரை ஒரு கணம் பார்த்தாள். "ஆத்துக்குப் போய்ச் சொல்றேன்" என்றாள்.

வீட்டில் சொன்னாள். மாண்டிசோரிக் குழந்தையின் அப்பா, சாப்பிட்ட தட்டைத் தானே தேய்க்க வேண்டுமாம். படுக்கையைத் தானே மடிக்க வேண்டுமாம். காபியைத் தானே கலந்துகொள்ள வேண்டுமாம். குழந்தை அப்பாவைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளுமாம்.

"அம்மாவைப் பாத்துக் கத்துக்காதோ?"

"நானும் அதைத்தான் கேக்கணும்னு நெனச்சேன். ஆனா இத்தாலிக்காராளுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சுடப் போறதுன்னு விட்டுட்டேன்."

இத்தாலி என்றதும் பட்டாபிராமன் அடங்கினார். மறுநாள் காலை அடுப்படியில் பாடம் ஆரம்பமாயிற்று. மாண்டிசோரி முறையில் டீச்சர் பேசக் கூடாதாம். ஒரு தடவை மெள்ளச் செய்து காட்டிவிட்டு விலகிவிட வேண்டுமாம். சுந்தரவல்லி ஒரு பாத்திரத்தை மெள்ளத் தேய்த்துக் காட்டினாள். மீதியை அவர் முன் நகர்த்தினாள். பிறகு மாஷிமா வீட்டுக்கு விலகினாள்.

ஆபீசில் பட்டாபிராமன் மார் தட்டினார். "எங்காத்துல எல்லாமே மாண்டிசோரி சிஸ்டம், சார்" என்று பெரிய துரையிடமே சொன்னார். பெருமைக்குப் பெருமை, முதுகு வலிக்கு முதுகு வலி. நாளுக்கு நாள் சிலபஸ் வளர்ந்தது. பீன்ஸ் நறுக்குவது வந்தது. துணி உலர்த்துவது வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரசமும் வந்தது.

அன்று அவர் அடிப்பிடித்த வாணலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஆண்டாள் எட்டிப் பார்த்து, "பாலோ ஹொய்னி, பாபா" என்றாள்.

பட்டாபிராமன் பூரித்தார். "பாத்தியா, வல்லி? குழந்தை பாலோங்கறா!"

"முழுக்கக் கேளுங்கோ. நன்னா இல்லைங்கறா. இன்னொரு தடவை தேய்க்கணுமாம்."

வாணலி அவர் கையிலிருந்து நழுவியது. போதும் இந்த இத்தாலி என்று முடிவு கட்டினார்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றார். குழந்தைகளைக் கூப்பிட வந்த அம்மாக்கள் கூட்டம். நடுவில் பாருல் தத்தா. பட்டாபிராமன் தம் இங்கிலீஷை உருவினார்.

"மேடம், நீங்கள் அப்பாக்களுக்குப் போட்ட விதிகள் கொஞ்சம் அதிகம். தட்டு தேய்த்தேன். துணி உலர்த்தினேன். சமைக்கவும் செய்கிறேன். ஆனால் வாணலி..."

"என்ன விதி?" என்றார் பாருல் தத்தா.

"கூட்டத்தில் வங்காளியில் சொன்னீர்களே!"

"வங்காளியிலா? ஈரக் குடையை உள்ளே கொண்டுவந்து தரையை நனைக்காதீர்கள், அந்த மூலையில் வையுங்கள் என்று சொன்னேன்."

பட்டாபிராமன் பாத்திரம் தேய்த்துச் சிவந்த தம் கையைப் பார்த்துக்கொண்டார். அந்த அம்மாளுக்கோ முகம் மலர்ந்தது. "அப்படியானால் இவ்வளவையும் நீங்களாகவே செய்கிறீர்களா? அற்புதம்!" என்று கைதட்டினார். கூடியிருந்த அம்மாக்களுக்கு அதை வங்காளியில் சொன்னார். அத்தனை பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பின்னால் ஸ்கூட்டரில் காத்திருந்த இரண்டு அப்பாக்கள் மட்டும் அவரைக் கொலை செய்துவிடுவதுபோலப் பார்த்தார்கள்.

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் பெண்டாட்டியிடம் ஏமாந்ததை வாசலில் நின்று ஒப்புக்கொள்ள வேண்டும். வங்காளி தெரியாது என்பதையும் சேர்த்து. பட்டாபிராமன் மீசையைத் தடவிக்கொண்டு, "ஏதோ என்னால் ஆனது" என்றார்.

"ரொம்ப நல்லதாயிற்று. உங்கள் மனைவியை எங்களிடம் டீச்சராக வரும்படி எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா? என் கணவருக்குத் தண்ணீர் கூடத் தானாக எடுத்துக் குடிக்கத் தெரியாது என்று மறுத்துவிட்டார். இனி அந்தத் தடை இல்லையே?"

அம்மாக்கள் அத்தனை பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"இல்லை" என்றார் பட்டாபிராமன். வேறு என்ன சொல்வார்?

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கத்தினார். "ஏன்டி, அன்னிக்கு அவ சொன்னது குடையைப் பத்தியாமே?"

"குடையைப் பத்தியும் சொன்னா" என்றாள் சுந்தரவல்லி, புதுப் புடவைக்குக் கஞ்சி போட்டபடி.

"என்னை முட்டாளாக்கிட்டியே! எனக்கு மட்டும் வங்காளி தெரிஞ்சிருந்தா..."

"அதுக்கென்ன, இப்பத்தான் ஹெட்மிஸ்ட்ரஸ் மாஷிமா ஆத்துக்குப் போன் பண்ணினா. அடுத்த வாரத்துலேர்ந்து அப்பாக்களுக்கும் வங்காளி கிளாஸ் உண்டு. நான்தான் எடுக்கறேன். உங்க பேரை முதல்லயே குடுத்துட்டேன்."